பத்தைக் கழிக்கும் பழக்கம்

அந்த ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. பெட்ரோல் அழுத்தம் பார்க்கிற கேஜில் முள் எந்த எண்ணைக் காட்டினாலும் அதிலிருந்து பத்தைக் கழித்துக்கொள்வார்கள். எப்போதோ ஒரு நாள் கேஜ் லாரி பம்பரிலிருந்து தரையில் விழுந்தது. அன்றிலிருந்து அதன் முள் பத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. சும்மா ஆணியில் தொங்கும்போதும் பத்து காட்டும். புதிது வாங்கியிருக்கலாம், இல்லை பிரித்துச் சரிசெய்திருக்கலாம். முதலாளிக்கு அதற்கெல்லாம் பொறுமை ஏது? "பத்தைக் கழிச்சுக்க, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குக் கீழே புகுந்துவிட்டார்.

முதலாளி என்றால் பெரிய ஆள் பட்டாளம் ஒன்றுமில்லை. அவரும் அவர் மச்சினனும், ஆக இரண்டே பேர். முதலாளிக்கு ஊர் வைத்த பெயர் சுடுதண்ணி. காலில் சுடுதண்ணியைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி எந்நேரமும் ஓர் இடத்தில் நிற்காமல் குதித்துக்கொண்டிருப்பதால் வந்த பெயர். டீயைக்கூட நடந்துகொண்டேதான் குடிப்பார். பாதி குடித்த டம்ளரை எங்கே வைத்தோம் என்று அவருக்கே தெரியாது. சர்வீஸ் முடிந்து போன வண்டிக்காரர்கள் இரண்டு நாள் கழித்து பேட்டரிக்குப் பக்கத்திலிருந்து டம்ளரை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். மச்சினன் நேர் எதிர். ஒரு போல்ட்டைக் கழற்றினால் அதைத் துடைத்து, பார்த்து, இன்னொரு முறை துடைத்துத்தான் கீழே வைப்பான். இந்த இரண்டு பேரும் எப்படி ஒரே கூரைக்கடியில் இத்தனை வருடம் ஓட்டினார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சுடுதண்ணியின் சொந்த பிக்கப் ஸ்டார்ட் ஆகவில்லை.

பழைய வண்டி. கார்பரேட்டர் காலம் முடிந்து இன்ஜெக்‌ஷன் வந்த புதிதில் செய்தது. கம்ப்யூட்டரை மாட்டினால் இன்ன குறை என்று ஒப்பிக்கிற ரகமில்லை. நாமாகத்தான் உட்கார்ந்து விசாரிக்க வேண்டும். செல்ஃப் அடித்தால் எஞ்சின் சுற்றியது, இருமியது, நின்றது. மறுபடி அடித்தார். மறுபடி அதே இருமல்.

வீட்டு வாசலில் அவர் மனைவி இரண்டு பைகளோடு, புதுச் செருப்போடு, புறப்பட்டு நின்றுகொண்டிருந்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. பெட்ரோல் வரல போலிருக்கு. அஞ்சு நிமிஷம்."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஒரு கதை இருக்கிறது.

அவர்களுக்கு ஒரே மகள். இரண்டு வருடத்துக்கு முன் நீச்சல் சொல்லித் தருகிற ஒரு பையனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். சுடுதண்ணி வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "சைக்கிள்ல போறவன். அவனுக்குக் கிளட்ச் எது பிரேக் எதுன்னு தெரியுமா?" என்று கேட்டார். கிளட்ச் தெரியாதவன் குடும்பம் நடத்த மாட்டான் என்பது அவர் கணக்கு. மகள் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள், மசியவில்லை. கல்யாணத்துக்கு மனைவியும் மச்சினனும் முதல் நாளே போய்விட்டார்கள். காலையில் வந்துவிடுகிறேன் என்றவர், காலையில் நல்ல சட்டை போட்டு, இதே பிக்கப்பில் ஏறி உட்கார்ந்து, சாவியைத் தொட்டு, இறங்கிவிட்டார். பிறகு போன் செய்து சொன்னார்: "வண்டி ஸ்டார்ட் ஆகல."

கல்யாண மண்டபம் முழுக்கச் சிரித்தது. ஊர் வண்டியையெல்லாம் ஓடவைக்கிற மனுஷனுக்குச் சொந்த வண்டி ஓடவில்லையாம்! சிரிக்காதவள் மணப்பெண் ஒருத்திதான். அன்றோடு அவள் அப்பாவிடம் பேசுவதை நிறுத்தினாள்.

இப்போது மாப்பிள்ளைக்கு ரொம்பத் தூரத்தில் வேலை கிடைத்திருந்தது. குடும்பத்தோடு கிளம்புகிறார்கள், அன்று சாயங்காலம் ரயில். வீட்டுச் சாமானை ரயிலடிக்கு ஏற்றிக்கொண்டு போக வேண்டும். முந்தின வாரம் மகள் அம்மாவிடம் போனில் சொன்னாள்: "வண்டியை எடுத்துட்டு வாங்கம்மா." போனை வைக்கப்போனவள் வைக்கவில்லை. பிறகு, "அப்பாவும் வரட்டும்."

அந்த ஒரு சொல்லைக் கேட்டதிலிருந்து சுடுதண்ணி கொதித்துக்கொண்டே இருந்தார். ஒரு வாரமாகத் தூக்கம் சரியில்லை. டயரில் காற்றுப் பார்த்தார், மறுநாளும் பார்த்தார். ஆயில் மாற்றினார். இவ்வளவும் செய்த வண்டிதான் இன்று, வரச்சொன்ன நாளில், கல்லாய்ச் சமைந்து நின்றது. இப்போது போன் எடுத்து "வண்டி ஸ்டார்ட் ஆகல" என்று சொல்லிப் பாருங்கள். உலகத்தில் எவன் நம்புவான்?

வீட்டை ஒட்டியிருந்த ஒர்க்‌ஷாப்புக்குள் புகுந்து, கேஜை ஆணியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வண்டிக்கு ஓடினார். அந்த வண்டியில் இன்ஜெக்டர்களுக்கு பெட்ரோல் போகிற குழாயின் ஓரத்தில் சைக்கிள் டியூப் வால்வு மாதிரி ஒரு வால்வு இருக்கும். அதன் மூடியைக் கழற்றி கேஜை முறுக்கினார். முறுக்கும்போதே சட்டை நனைந்தது. ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினார். பின்னால் டேங்குக்குள் பம்ப் ஒரு முறை முனகி அடங்கியது. திரும்ப ஓடிவந்து பார்த்தார்.

நாற்பது.

பத்து போனால் முப்பது. அந்த வண்டிக்கு நாற்பது இருந்தே ஆக வேண்டும்.

"பம்ப் போச்சு" என்று வாய்விட்டே சொன்னார். பம்புக்கும் வயதாகிவிட்டது, மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று நினைத்தே நாளைக் கடத்தியவர்தான்.

இதுவே வேறொருவர் வண்டியாக இருந்திருந்தால் அவர் இத்தனை சீக்கிரம் தீர்ப்பு எழுதியிருக்க மாட்டார். மிஞ்சிய பெட்ரோல் டேங்குக்குத் திரும்பிப் போகிற ஹோஸை இடுக்கியால் அழுத்திப் பார்த்திருப்பார். முள் துள்ளி ஏறினால் பம்ப் மேல் குற்றமில்லை என்று தெரிந்திருக்கும். ஒரு பிளக்கைக் கழற்றி நெருப்பு வருகிறதா என்று பார்த்திருப்பார். மச்சினன் இந்த வரிசையில் ஒன்றைத் தாண்டினால் அவன் தலையை உருட்டுகிற ஆள் அவர். ஆனால் அன்று அவருக்கு ஹோஸும் தெரியவில்லை, பிளக்கும் தெரியவில்லை. மகள் முகம்தான் தெரிந்தது. கேஜைக் கழற்றிக் கருவிப் பெட்டிக்குள் எறிந்தார், பேட்டரி வயரைப் பிடுங்கினார், வண்டிக்கு அடியில் போய் டேங்கை இறக்க ஆரம்பித்துவிட்டார்.

டேங்கை இறக்குவது குழந்தையைத் தொட்டிலில் இருந்து எடுக்கிற வேலை இல்லை. துருப்பிடித்த பட்டைகள், கைக்கு எட்டாத நட்டுகள், முகத்தில் கொட்டுகிற மண். மேல் சட்டை, கை, காது, எல்லாம் பெட்ரோல். பம்பை வெளியே எடுத்துத் தரையில் வைத்துவிட்டு ஸ்பேர் கடைக்காரருக்கு போன் போட்டார்.

"அண்ணே, நான் மாமியார் வீட்டுல இருக்கேன்" என்றார் கடைக்காரர். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது.

"கடைச் சாவி?"

"அதுவும் என்கூட மாமியார் வீட்டுலதான் இருக்கு."

சுடுதண்ணி போனை வைத்துவிட்டு இரண்டு எட்டு இந்தப் பக்கம் நடந்தார், இரண்டு எட்டு அந்தப் பக்கம் நடந்தார். தரையில் கிடந்த பம்பைப் பார்த்தார். உதைக்கலாம் போலிருந்தது. இந்த நேரத்தில்தான் மச்சினன் நிதானமாகக் கேட்டைத் திறந்துகொண்டு வந்தான். அக்கா போன் செய்து வரச் சொல்லியிருந்தாள்.

"என்ன மாமா, டேங்கை இறக்கிட்டீங்க?"

"பம்ப் போச்சு மச்சான். முப்பதுதான் காட்டுது."

"ஓ" என்றான் மச்சினன். வாயைத் திறந்து இன்னும் ஏதோ கேட்க வந்தான். கேட்க விட்டால்தானே?

"எவன்கிட்டயாவது பழைய பம்ப் இருக்கான்னு பாரு. அந்த ஆம்புலன்ஸ்காரன்கிட்ட கேளு. ஓடு."

"போன் பண்ணி அவகிட்ட சொல்லிடட்டுமா?" என்று மனைவி கேட்டாள்.

"பண்ணாத!" அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "பண்ணாத. என்னன்னு சொல்லுவ? வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா? அவ சிரிப்பா. இல்ல, சிரிக்கக்கூட மாட்டா." பிறகு கைகளை விரித்துக் காட்டினார். "இந்தா பாரு, இந்தத் தடவை நிஜமாவே ஸ்டார்ட் ஆகல. சத்தியமா ஸ்டார்ட் ஆகல. நீயே பார்த்தல்ல?"

மனைவி பைகளைக் கீழே வைத்தாள். இரண்டு வருடமாக அவள் வாயில் அடக்கி வைத்திருந்த ஒன்று அப்போது வெளியே வந்தது.

"பார்த்தேன். ஆனா அன்னைக்கும் பஸ் ஓடிட்டுதாங்க இருந்துச்சு."

சுடுதண்ணி நின்றார். நிஜமாகவே நின்றார், காலும் கையும் எதுவும் அசையவில்லை.

"சாமான் ஏத்துறதுக்கு ஊர்ல ஆயிரம் வண்டி கிடைக்கும். அவ கூப்பிட்டது வண்டியை இல்ல" என்றாள் அவள்.

அப்புறம் என்ன, சட்டையைக்கூட மாற்றவில்லை. மாற்ற உள்ளே போனால் மனசும் மாறிவிடுமோ என்ற பயம்தான். கையை ஒரு கந்தலில் துடைத்துக்கொண்டு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினார். மனைவி புதுச் செருப்பு கடிக்கக் கடிக்கப் பின்னால் ஓடினாள்.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. கிடைத்ததற்குக் காரணம் இருந்தது. அவர் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவர் எழுந்தார், முன் சீட்டுக்காரர் எழுந்தார். கண்டக்டர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு வந்தார்.

"யாருய்யா பஸ்ல பெட்ரோல் கேன் ஏத்துனது?"

"கேன் இல்லீங்க. நான்தான்."

கண்டக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஜன்னல் பக்கமா உக்காரு. எவனாவது தீப்பெட்டி எடுத்தா நீதான் முதல்ல போவ."

ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று எழுதுகிறேனே தவிர, முட்டி ஆடியது, விரல் ஜன்னல் கம்பியில் தாளம் போட்டது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் கழுத்து வெளியே நீண்டது. பஸ் ஒரு கல்லறைத் தோட்டத்துக்கு முன்னால்கூட நின்றது. அங்கே ஏறுவதற்கு யார் இருக்கிறார்கள் என்று டிரைவரிடம் கேட்கக் கிளம்பியவரை மனைவி சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

பாதி வழியில் மச்சினன் போன் செய்தான்.

"மாமா, கேஜ் எங்க வச்சிருந்தீங்க?"

"பெட்டில கிடக்கும். அது எதுக்கு இப்போ?"

"கையிலதான் வச்சிருக்கேன். முள்ளு ஜீரோவுல நிக்குது."

"பத்துலதானே நிக்கும்?"

"நின்னுச்சு. முந்தாநாள் நான் பிரிச்சு, முள்ளைச் சரிபண்ணி மாட்டினேனே. நீங்க சைலன்சரை அடிச்சிட்டிருந்தீங்க. 'மாமா, இனிமே பத்தைக் கழிக்க வேண்டாம்'னு சொன்னேன். நீங்க 'ம்ம்'னீங்க."

சுடுதண்ணிக்கு நெஞ்சுக்குள் ஏதோ கழன்று விழுந்தது. நாற்பது. நாற்பதே நாற்பதுதான். பம்ப் நல்ல பம்ப். ஒரு குறையும் இல்லாத பம்பைப் பிடுங்கி மண்ணில் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"அப்போ ஏன்டா ஸ்டார்ட் ஆகல?" இத்தனை வருடத்தில் மச்சினனை டா போட்டது அதுதான் முதல் தடவை.

"அதை அக்காகிட்ட கேளுங்க. காலைல வண்டியைக் கழுவினாளான்னு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ள ஒரு வாய்த் தண்ணி இருக்கு. அப்புறம் பிளக்குக்கு நெருப்பு எப்படிப் போகும்?"

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவளுக்குப் போன் சத்தம் கேட்டிருந்தது. முகம் சின்னதாகிவிட்டது.

"விடியக்காலைல கழுவினேன்" என்றாள். "பானெட்டைத் தூக்கிட்டு உள்ளேயும் ஹோஸ் பிடிச்சேன். இத்தனை நாள் கழிச்சுப் போறோம், அழுக்கு வண்டில போய் இறங்க வேண்டாம்னு பார்த்தேன்."

திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். ஆனால் எதைச் சொல்லித் திட்டுவது? அவள் ஆசையாகக் கழுவினாள், மச்சினன் அக்கறையாகச் சரிபண்ணினான், இவர் பழக்கமாகப் பத்தைக் கழித்தார். மூன்று பேரும் கைகோத்து ஒரு நல்ல வண்டியைப் படுக்க வைத்திருந்தார்கள். வாயை மூடிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மனைவி அவர் கைமேல் கையை வைத்தாள். கையில் பெட்ரோல் வாடை ஒட்டும் என்று அவர் சொல்லவில்லை, அவளும் எடுக்கவில்லை.

ஒரு மணி நேரம் போனதும் மறுபடி போன்.

"மாமா, பக்கத்து பேக்கரிக்காரங்க ரெண்டு பேர் கைகொடுத்தாங்க. டேங்கை மாட்டியாச்சு, மூடியைத் துடைச்சாச்சு. ஒரே செல்ஃப்ல பிடிச்சிடுச்சு. ரோட்டுக்கு வந்துட்டேன். நீங்க போற பஸ் ஊரெல்லாம் சுத்திட்டுப் போகும், நான் நேர் வழில வரேன். அடுத்த பெரிய நிறுத்தத்துல இறங்கி நில்லுங்க. ஏத்திக்கிறேன். வண்டிலயே போய் இறங்கலாம்."

இது கெட்ட யோசனை இல்லை. கழுவிய வண்டியில், ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஹார்ன் அடித்துக்கொண்டு மகள் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். ஒரு வாரமாக அவர் மனக்கண்ணில் ஓடிய காட்சி அதுதான். பெரிய நிறுத்தம் வந்தது. பஸ் நின்றது. பாதிப் பேர் இறங்கினார்கள். சுடுதண்ணி எழுந்தார், பையைத் தூக்கினார்.

வண்டி வரும் வழியில் மறுபடி நின்றுவிட்டால்? மச்சினன் ஒரு முடக்கில் தப்பாகத் திரும்பிவிட்டால்? மனதில் அதெல்லாம் ஓடியது உண்மை. ஆனால் அவரைப் பிடித்து நிறுத்தியது அதுவும் அல்ல. அன்றும் இப்படித்தான் ஏறி உட்கார்ந்த வண்டியிலிருந்து இறங்கினார்.

"நான் இறங்கல மச்சான். நீ வா" என்று சொல்லிவிட்டுத் திரும்ப உட்கார்ந்தார்.

பஸ் கிளம்பியது. மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றாள். இன்னும் ஒரு பயம் அவருக்கு வந்தது, அதை அவளிடம் சொன்னார்: "நாம போய் வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னு சொல்லுவோம். பின்னாலேயே வண்டி ஜம்முனு வந்து நிக்கும். மறுபடி பொய் சொன்னேன்னு நினைப்பா."

"நினைச்சா நினைக்கட்டும். நீங்க எதிர்ல நிப்பீங்கல்ல, நேர்லயே திட்டட்டும்" என்றாள் மனைவி.

மகள் வீடு இரண்டாம் மாடி. படியெல்லாம் அட்டைப்பெட்டிகள். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே மகள் ஒரு பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். முதலில் அவளுக்கு வாடைதான் வந்திருக்க வேண்டும். மூக்கை உறிஞ்சிவிட்டுத் தலையைத் தூக்கினாள். சின்ன வயதில் சாயங்காலம் அவர் வாசலுக்கு வருமுன்னே "அப்பா வந்தாச்சு" என்று அந்த வாடையை வைத்தே சொல்கிறவள் அவள்.

மெலிந்திருந்தாள். அவள் அவர் சட்டையைப் பார்த்தாள், கறுத்த கையைப் பார்த்தாள், பால்கனிப் பக்கம் திரும்பிக் காலியாகக் கிடந்த தெருவைப் பார்த்தாள். முகம் இறுகியது.

"வண்டி எங்க?"

பம்ப், கேஜ், பத்து, தண்ணீர், மச்சினன் என்று சொல்ல எவ்வளவோ இருந்தது. வழி முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் வந்தார். வாயில் வந்தது ஒன்றுதான்.

"வண்டி ஸ்டார்ட் ஆகலம்மா" என்றார். "பஸ்ல வந்தேன்."

மகள் கையில் இருந்த டேப்பைக் கீழே வைத்தாள். அங்கேயே, பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"இவ்ளோதானேப்பா" என்றாள். "அன்னைக்கும் இவ்ளோதானே நீங்க செஞ்சிருக்கணும்?" சொல்லி முடிக்குமுன் அழுகை வந்துவிட்டது. அவர் கிட்டப் போனார். கறுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்கையால் அவள் தலையை அணைத்துக்கொண்டார். அவரும் அழுதார். மறைக்கவெல்லாம் இல்லை, நன்றாகவே அழுதார்.

கீழே ஹார்ன் கேட்டது. கழுவிய பிக்கப் வெயிலில் பளபளவென்று வந்து நின்றது. மச்சினன் இறங்கி, கதவைச் சாத்தி, சரியாகச் சாத்தினோமா என்று இழுத்துப் பார்த்தான். மகள் எட்டிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

"ஓடுதே?"

"இப்போ ஓடுது" என்றார் அவர்.

அவள் சிரித்துவிட்டாள். மண்டபத்தில் அன்று சிரிக்காமல் விட்டதையும் சேர்த்துச் சிரித்த மாதிரி இருந்தது.

சாமான் ஏற்ற ஆரம்பித்தார்கள். கடைசியில் இரும்பு பீரோ மிஞ்சியது. ஒரு முனையை மாப்பிள்ளை பிடித்தான், மறுமுனையை சுடுதண்ணி பிடித்தார். கிளட்ச் தெரியாத பையனுக்குத் தோள் நல்ல தோளாகத்தான் இருந்தது. படியில் இறங்கும்போது சுடுதண்ணி ஒவ்வொரு படிக்கும் நின்றார். திருப்பத்தில் பீரோவை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார். வாழ்க்கையில் அவர் எந்த வேலையையும் இத்தனை மெதுவாகச் செய்ததில்லை. கீழே நின்ற மச்சினனே வாயைப் பிளந்து பார்த்தான். பீரோ ஏறிவிட்டால் ஏற்றுவதற்கு வேறொன்றும் இல்லை. அப்புறம் ரயிலடிதான்.

"மாமா, நேரமாகுது. கொஞ்சம் வேகமா இறக்கலாமா?" என்றான் மாப்பிள்ளை, தயங்கித் தயங்கி.

"என்ன அவசரம் மாப்ள" என்றார் சுடுதண்ணி. "மெதுவாப் போவோம்."